ஃபிரிட்ஜின் சுருதி

தெருவில் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. சுதி என்று கேட்டால் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். குக்கர் விசிலடித்தால் "அரைச் சுருதி இறங்கியிருக்கு" என்பார். எதிர்வீட்டு இரும்புக் கதவு கிறீச்சிட்டால் சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்குப் போகமாட்டார். சத்தம் உரிய இடத்தில் நிற்கவில்லை என்றுதான் போவார். ஒருமுறை பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதபோது, "மேல் ஸ்தாயில சுத்தமா நிக்குதுங்க, நல்ல எதிர்காலம் இருக்கு" என்று அதன் அம்மாவிடம் போய்ச் சொன்னார். மூன்று ராத்திரி தூங்காத அந்தம்மா அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தியவர்தான்.

அப்பேர்ப்பட்ட சுதிக்குச் சினிமா கிடைத்துவிட்டது. அதுவரை சோப்புக்கும் தலைவலி மாத்திரைக்கும் பத்து நொடி இசை போட்டுக் காலம் தள்ளியவருக்கு முழு நீளப் படம். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு சலூனுக்கும் மருந்துக்கடைக்கும் லாண்டரிக்கும் தானே நடந்துபோய், "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் தெருவில் தெரியாத ஆள் இல்லை.

அவர் வேலை செய்வது வீட்டின் பின்னறையில். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை நிமிர்த்திச் சாத்தியிருக்கிறார். புதிதாகக் குடிவருகிறவர்கள் அந்த வீட்டில் யாருக்கோ மனநிலை சரியில்லை என்றே முதலில் நினைப்பார்கள். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், இரண்டு சிந்தசைசர், காட்டுக்கொடி மாதிரி ஒயர்கள், நடுவில் அவருடைய செல்லோ. தெருவுக்கு அது "ஆள் உசர வயலின்". வில்லை இழுத்து ஒரு நாதம் எடுப்பார். அதைக் கம்ப்யூட்டருக்குள் போட்டு நீட்டுவார், கவிழ்ப்பார், ஊறவைப்பார், பிழிந்து காயப்போடுவார். கடைசியில் காதில் விழுவது செல்லோவா, மூடுபனிக்குள் போகிற கப்பலா என்று தெரியாது. தெரியக்கூடாது, அதுதான் தொழில்.

படமும் அதற்கேற்ற படம். ஏரிக்கரையில் ஒரு வீடு. வீட்டில் ஒரு பெண். அவள் யாருக்காகவோ காத்திருக்கிறாள். யாரும் வருவதில்லை. அரைமணி நேரத்துக்கு ஒருமுறை ஜன்னலைத் திறக்கிறாள்; அந்தப் படத்துக்கு அதுதான் சண்டைக் காட்சி. இயக்கியவர் கட்டையாக முடி வெட்டிய ஒரு பெண்மணி. குரலை உயர்த்தியே பேசமாட்டார். தமக்கு வேண்டியதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"எனக்குச் சோகம் வேண்டாம் சார். சோகம் எழுந்து போனப்புறம் அது உட்கார்ந்த நாற்காலி கொஞ்ச நேரம் சூடா இருக்கும்ல? அந்தச் சூடு வேணும்."

நாற்காலிச் சூட்டைத் தினம் நாலு பேருக்கு அளந்து கொடுப்பவர் மாதிரி சுதி தலையாட்டினார். மாதிரிக்கு நாலு நிமிஷ இசை செய்து கொடுத்தார். இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. "இந்த வீடு மூச்சு விடுது சார்" என்றார். அந்த மூச்சுக்காகத்தான் படத்தைத் தூக்கி சுதி கையில் கொடுத்தார்.

வினை அதற்குப் பிறகு வந்தது. நாலு நிமிஷ மாதிரியை நீட்டினால் முழுப்படமாகாது. சுதி வாடகைக்கு உசத்தி மைக் எடுத்து, புதுத் தந்தி மாட்டி, ஒரு மணி நேர இசையை முதலிலிருந்து வாசித்துப் பதிவுசெய்தார். இயக்குநர் வந்தார். மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கு" என்றார்.

சுதி அதைப் பாராட்டென்று நினைத்துக் கூச்சப்பட்டார்.

"வீடு செத்துப்போச்சு சார். மூச்சே இல்ல. அந்த நாலு நிமிஷத்துல இருந்தது எங்கே போச்சு?" இயக்குநர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். வரலேன்னா அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரரைத்தான் கேட்கணும். உங்க மேல எனக்குக் கோபமே இல்ல."

கோபமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது சுதிக்குத் தெரியும். கறுப்புக் கண்ணாடிக்காரரையும் தெரியும். அறைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போடுகிற இசையமைப்பாளர். ஏரி என்றால் புல்லாங்குழல், ஜன்னல் என்றால் மணி என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறவர். அவர் கைக்குப் படம் போய்விட்டால் மறுபடி சோப்புதான். மாத்திரைதான். சலூனில் கழுத்தில் துணியைக் கட்டி, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "படம் என்னாச்சுங்க?" என்று கேட்பார்கள். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து ஓடவும் முடியாது.

திங்களும் செவ்வாயும் சுதி செய்யாத வேலையில்லை. பழைய தந்தியை மறுபடி மாட்டினார். வில்லை மாற்றினார். கிழக்கே பார்த்து உட்கார்ந்தவர் மேற்கே பார்த்து உட்கார்ந்தார். கடைசியில், மாதிரி பதிவுசெய்த அன்று போட்டிருந்த சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதைத் தோச்சுட்டேனே" என்றாள் மனைவி, வாசற்படியில் நின்றபடி. "உசிரும் சோப்புத் தண்ணியோட போயிருக்கும்."

"தமாஷ் பண்ற நேரமா இது?"

"சோறு திங்கற நேரம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

புதன்கிழமை மத்தியானம் சுதி நாலு நிமிஷ மாதிரியைப் பிரித்துப் போட்டார். சிந்தசைசரை அணைத்தார். எதிரொலியை எடுத்தார். செல்லோவை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு, அடிச்சத்தத்தை முழுக்க ஏற்றி, ஸ்பீக்கரில் ஓடவிட்டார். செல்லோவுக்குக் கீழே வேறு எதுவோ இருந்தது. தடித்த, சோம்பலான ஒரு ம்ம்ம். வாசித்தது அவரில்லை. அது செல்லோவோடு ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்தது. ஒட்டாத அந்த நூலிழையில் சத்தம் மெல்ல வீங்கி மெல்ல வடிந்தது. அதுதான் மூச்சு. மூன்றாவது நிமிஷ முடிவில் அந்த ம்ம்ம் ஒரு குலுக்குக் குலுக்கி, கடகடகட டொக் என்று நின்றது.

அடுத்த நொடி சமையலறையில் தொம் என்று ஒரு சத்தம். தொடர்ந்து "ஐயோ அம்மா!"

சுதி ஓடினார். மனைவி ஒரு கையில் பீன்ஸும் இன்னொரு கையில் கத்தியுமாக ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே புது ஃபிரிட்ஜ், தியானத்தில் இருப்பவர் மாதிரி சத்தமில்லாமல் நின்றது.

"எதுக்கு அதை உதைச்சே?"

"கடகடன்னுச்சே! உதைச்சாத்தானே மறுபடி ஓடும். பழக்கத்துல கால் போயிடுச்சு." சொன்னவள் பாதியில் நிறுத்தினாள். "இது புதுசாச்சே. இது கடகடங்காதே. அப்போ..."

"அப்போ அந்தச் சத்தம்?"

"என்னங்க, உங்க ஸ்பீக்கர்ல நம்ம பழைய ஃபிரிட்ஜ் ஓடுது."

சமையலறைக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரே சுவர்தான். பழைய ஃபிரிட்ஜ் பத்து வருஷத்துக்கு மேல் அந்தச் சுவரில் முதுகு சாய்த்து முனகியிருக்கிறது. மெத்தையையும் தாண்டி அது உள்ளே வந்திருக்கிறது. சுதி உள்ளே போய்ச் சுருதிக் கருவியை வைத்துப் பார்த்தார். மாதிரியில் செல்லோ சரியான சுருதியில் இல்லை. ஒரு நூல் மேலே இருந்தது. ஃபிரிட்ஜ் எங்கே இருந்ததோ அதன் பக்கத்தில் போய் நின்றிருந்தது. இத்தனை வருஷமாக, தன்னை அறியாமல், அவர் ஃபிரிட்ஜுக்குச் சுருதி சேர்த்து வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

விஷயம் புரிந்ததும் மனைவி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊர்ல குக்கரு, கதவு, பச்சக்குழந்தை எல்லாத்துக்கும் மார்க் போட்டீங்களே! உங்க குரு சமையலறையில தக்காளியை வச்சுக்கிட்டு நின்னிருக்காரே!"

"சிரிச்சுட்டியா? முடிஞ்சுதா? ஃபிரிட்ஜ் எங்கே?"

மனைவிக்குத் திடீரென்று பீன்ஸின் மேல் அக்கறை வந்தது. காம்பு கிள்ளினாள்.

"ரெண்டு மாசம் முன்னாடி புதுசு வந்தப்பவே அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

"எந்த அக்காவுக்கு?"

"எனக்கு எத்தனை அக்கா இருக்காங்க?"

ஒரே அக்காதான். ஆனால் அந்த அக்காவுக்கு ஒரு கணவர் இருந்தார். அங்கேதான் சிக்கல்.

சுதியின் சகலை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பாதியைப் பார்த்து, கற்றுக்கொள்ளவில்லை என்று தெரிகிறது என்பார். போன வருஷம் குடும்ப விருந்தொன்றில், எல்லோரும் கேட்டுக்கொண்டதால், சுதி தன் இசையைப் போட்டுக் காட்டினார். பன்னிரண்டு நிமிஷம். அது ஓய்ந்து, அறையே அமைதியாக இருந்தபோது, சகலை உண்மையான ஆர்வத்தோடு முன்னால் சாய்ந்து, "எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். அன்று பூட்டிய வாயை சுதி அந்த வீட்டுக்காகத் திறக்கவில்லை. இரண்டு பெண்களும் மட்டும் தினம் போனில் பேசி, தன் கணவன் கேட்காத சௌக்கியத்தை அடுத்தவள் கணவனுக்குக் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஃபிரிட்ஜின் முனகலை மாதிரியிலிருந்து பிரித்தெடுக்க முடியுமா என்று சுதி சாயங்காலம் வரை போராடினார். முட்டையிலிருந்து மஞ்சள் கருவை எடுக்கலாம், ஆம்லெட்டிலிருந்து எப்படி எடுப்பது? கிடைத்த துண்டை வெட்டித் திரும்பத் திரும்ப ஒட்டினால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தையல் தெரிந்தது. வியாழக்கிழமை காலையில் மைக்கை ஒரு பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு, மனைவியை முன்னால் விட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் நடந்து, அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

கதவைத் திறந்தது சகலைதான். "அட, வாங்க சகலை! ஒரு வருஷமா எந்த ரூட்ல சுத்திட்டு வர்றீங்க? திரும்பறப்ப கண்ணாடி பார்த்தீங்களா?"

"நடந்துதான் வந்தோம்."

"நடக்கறவனும் பின்னாடி பார்க்கணும்."

கூடத்தின் மூலையில், மேலே பூப்போட்ட துணியும் பிளாஸ்டிக் வாத்தும் வைத்து, ஃபிரிட்ஜ் நின்றது. சுதி நேராகப் போனார், மண்டி போட்டார், இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் காதை வைத்தார்.

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னடி, உன் வீட்டுக்காரர் எங்களை விட்டுட்டு ஃபிரிட்ஜை நலம் விசாரிக்கிறாரு?"

காதில் ஒன்றுமே விழவில்லை. சுதி இந்தக் காதை எடுத்து அந்தக் காதை வைத்தார். ஒன்றுமில்லை.

"என்ன, அசந்துட்டீங்களா?" சகலை பெருமையாக ஃபிரிட்ஜைத் தட்டினார். "முந்தாநாள்தான் மெக்கானிக் வந்தான். அடியில ரப்பரெல்லாம் மாத்தி, மோட்டாரைக் கழட்டி மாட்டி, பக்காவா பண்ணிட்டான். பூனை நடந்தா கேக்கும். இது கேக்காது."

நல்ல மெக்கானிக் கிடைப்பதில்லை என்று ஊரெல்லாம் புலம்புகிறோம். கிடைத்தான், இந்த ஒரு வீட்டில், இந்த ஒரு வாரத்தில். சுதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பழைய ரப்பர் எங்கே?"

"குப்பை வண்டிக்குப் போட்டாச்சு. ஏன், அதுலயும் மியூசிக் போடுவீங்களா?"

மனைவிதான் நடந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கெடு, கறுப்புக் கண்ணாடிக்காரர், வீட்டின் மூச்சு எல்லாம். சகலை கேட்டு முடித்து, பாவப்பட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக் களத்தில் இறங்கினார். இரண்டு பேரும் ஃபிரிட்ஜைச் சாய்த்தார்கள். ஒரு காலுக்கு அடியில் அட்டையைச் செருகினார்கள். சுவரோடு இடித்து நிறுத்தினார்கள். சுதியின் மனைவி பழைய உரிமையோடு நாலு உதை விட்டுப் பார்த்தாள். பிளாஸ்டிக் வாத்து கீழே விழுந்ததுதான் மிச்சம். ஃபிரிட்ஜ் மௌனம் கலையவில்லை.

"போனது போகட்டும் சகலை" என்றார் சகலை, மூச்சு வாங்க. "அந்தச் சனியன் ஒழிஞ்சதுக்குச் சந்தோஷப்படுங்க. ரெண்டு மாசம் எங்களைத் தூங்கவிட்டுதா? அது எப்படி இருக்கும் தெரியுமா?"

மோவாயை நெஞ்சில் இறக்கினார். மூக்கைச் சுளித்தார். அடிவயிற்றிலிருந்து வெறுப்போடு எடுத்தார்: ம்ம்ம்ங்ங்ம்ம்ம். தடித்து, சோம்பி, நடுவில் மெல்ல வீங்கி, மெல்ல வடிந்து, கடைசியில் கன்னச்சதை ஆட, கடகடகட டொக்.

சுதியின் மனைவிக்குக் கால் தானாக உயர்ந்துவிட்டது. அக்கா பிடித்திருக்காவிட்டால் சகலையின் முழங்காலில் விழுந்திருக்கும்.

சுதி ஃபிரிட்ஜை விட்டுவிட்டுச் சகலை பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவை பண்ணுங்க."

"எதை?"

"இப்பப் பண்ணீங்களே, அதை."

"கிண்டலா?"

"சத்தியமா இல்ல சகலை." ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் சுதி வாயிலிருந்து வந்தது. அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கூடத்தில் ஃபேன் சத்தம், தெருச் சத்தம். அமைதியான இடம் என்று பார்த்தால் கொட்டகையில் நின்ற டிரைவிங் ஸ்கூல் கார்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே சீட்டுப் பஞ்சு சத்தத்தைக் குடித்துவிடும். சகலை தன் இடத்தில் உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் குரல் வருகிறது என்றார். சுதி பக்கத்தில் மைக்கை நீட்டிக்கொண்டு, "இன்னும் நீளமா", "இன்னும் கீழே", "அந்தக் கடகட சீக்கிரம் வந்துடுச்சு" என்று திரும்பத் திரும்ப வாங்கினார். வெயில் ஏறியது. வியர்த்துக் கொட்டியது. சாப்பாட்டு நேரம் தாண்டியது.

"யோவ், எனக்குப் பசிக்குதுய்யா!"

"அந்தக் கோபத்தோட ஒண்ணு."

ம்ம்ம்ங்ங்ம்ம்ம் என்றார் சகலை. அன்று எடுத்ததிலேயே அதுதான் உச்சம்.

வீட்டுக்கு வந்து சுதி சகலையின் குரலை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார், ஓரங்களைக் கரைத்தார், மேலே சிந்தசைசரைப் பனி மாதிரி தூவினார். பிறகு செல்லோவின் தந்தியை, மனசு கேட்காமல், சரியான சுருதியிலிருந்து ஒரு நூல் மேலே ஏற்றி வாசித்தார். ஏரிக்கரை வீடு மூச்சு விட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை இயக்குநருக்கு அனுப்பினார்.

சாயங்காலம் போன் வந்தது. "வந்துடுச்சு சார்" என்றது அந்த மெல்லிய குரல். "வீடு திரும்பி வந்துடுச்சு. அடியில கேக்குதே, அது என்ன வாத்தியம்?"

சலூன், மருந்துக்கடை, லாண்டரி எல்லாம் சுதியின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. இருமினார்.

"அது ஒரு பழைய வாத்தியம்ங்க. எங்க சகலைகிட்ட மட்டும்தான் இருக்கு."

"அப்போ நாளைக்கு நான் அங்கேயே வர்றேன். ஜன்னல் காட்சிக்கு என் முன்னாடி வாசிக்கட்டும். அது அமைஞ்சா படம் உங்களுது. மாதிரியை நம்பி நான் ஒரு தடவை ஏமாந்தாச்சு சார், தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்கும் நிலையிலா இருந்தார் சுதி? ராத்திரி பூராவும் புரண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனால், சகலை ஒரே நாளில் வித்வானாகியிருந்தார். அந்த வெயிலில் கழுத்தில் மப்ளர். கையில் ஃபிளாஸ்க்கு நிறைய வெந்நீர். யார் என்ன கேட்டாலும் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். வண்டி ஓட்டக் கற்க வந்த ஒரு அம்மாளுக்கு லெஃப்ட், ரைட் எல்லாம் புருவத்தாலேயே சொல்லப்போய், அந்தம்மாள் வண்டியை ஓரங்கட்டி, உடம்புக்கு ஏதாவது என்று பயந்து கேட்டிருக்கிறாள்.

"நேத்துலேருந்து வாயைத் திறக்கல" என்றாள் அக்கா, முகமெல்லாம் பூரிப்பாக. "இது தெரிஞ்சிருந்தா கல்யாணத்துக்கே ஒரு மைக் வாங்கிக் குடுத்திருப்பேன்."

இயக்குநர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் போக்குவரத்து அடையாளப் பலகைகள், தரையில் எண்ணெய்க் கறை, நடுவில் கார்.

"வாத்தியம் எங்கே சார்?"

"கார்ல இருக்குங்க."

"வெளியே எடுக்கலாமா?"

"வேண்டாங்க." சுதி கார்ப் பக்கம் கையைக் காட்டினார். "முன் சீட்டுல உட்கார்ந்திருக்கு. மப்ளர் போட்டுக்கிட்டு."

இயக்குநர் குனிந்து பார்த்தார். உள்ளேயிருந்து சகலை கம்பீரமாகக் கைகூப்பினார். இயக்குநர் சுதியைப் பார்த்தார். மறுபடி காரைப் பார்த்தார். படம் போய்விட்டது என்று சுதி தீர்மானித்த அந்த இடைவெளியில், பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

சகலை முதல்முறையாக மௌனத்தைக் கலைத்தார். "மேடம், சீட் பெல்ட்."

கொட்டகைக்குள் நிற்கிற கார். இருந்தாலும் இயக்குநர் போட்டுக்கொண்டார்.

முன்கண்ணாடிக்குக் கீழே லேப்டாப்பை வைத்தார்கள். ஏரிக்கரைப் பெண் ஜன்னலை நோக்கி நடந்தாள். சுதி பக்கத்துச் சீட்டில் ஹெட்ஃபோனோடு விரலை அசைத்தார். சகலை ஒரு வாய் வெந்நீர் குடித்து, கண்ணை மூடி, பக்தியோடு ஆரம்பித்தார்.

தேனாக வந்தது. அதுதான் வம்பு. ஃபிரிட்ஜுக்கு எங்கேயாவது தேன் குரல் உண்டா? அடுத்த தடவை நடுவில் ஒரு நெளிவு போட்டார். அதற்கடுத்த தடவை இரண்டு நெளிவும் ஒரு புன்சிரிப்பும். கடகட வரவேண்டிய இடத்தில் தாலாட்டு மாதிரி இழைந்து முடித்தார்.

"பிரமாதம் சகலை" என்றார் சுதி. "ஆனா கொஞ்சம் நேத்து மாதிரி..."

புகழப் புகழ இன்னும் தித்தித்தது. ஜன்னல் பக்கம் போன பெண் பாவம், ஐந்தாவது தடவையாகப் போனாள். இயக்குநர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார். "சார், நேத்து எனக்கு அனுப்பினது இது இல்லையே" என்றார். குரலில் கோபமே இல்லை.

நேற்று என்ன இருந்தது, இன்று என்ன இல்லை? நேற்று பசி. நேற்று வெயில். நேற்று இந்த மனுஷனுக்குத் தன்மேல் இருந்த எரிச்சல். அந்த ஃபிரிட்ஜ் ஜென்மத்தில் யாரையும் சந்தோஷப்படுத்த நினைத்ததில்லை. அது சலித்துக்கொண்டுதான் தக்காளியைக் காத்தது. சகலை இப்போது சபைக்கு வாசிக்கிறார். வித்வானை இறக்கி மனுஷனாக்க வேண்டும், அதுவும் உடனே. ஒரு வருஷப் பகை நேற்றுத்தான் தீர்ந்தது. இன்று மறுபடி கிளப்பினால் இந்த வீட்டு வாசலை ஆயுசுக்கும் மிதிக்க முடியாமல் போகலாம். சுதி கண்ணை மூடித் திறந்தார். காட்சியை மறுபடி ஓடவிட்டு, பதிவு பட்டனை அழுத்தினார்.

"சகலை, ஒண்ணு கேக்கலாமா? வண்டி ஏன் கோணலா நிக்குது?"

சகலையின் கண் மெல்லத் திறந்தது. "எது?"

"இந்த வண்டிதான். பின்பக்கம் சுவத்தோட ஒட்டிக்கிட்டு, முன்பக்கம் இழுத்துக்கிட்டு நிக்குது. பரவாயில்ல, ரிவர்ஸ் எல்லாருக்கும் வர்றதில்ல."

கொட்டகை வாசலில் நின்ற அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள். சகலையின் கழுத்து மப்ளருக்கு மேலே சிவந்தது. மோவாய் நெஞ்சில் இறங்கியது. மூக்குச் சுளித்தது. பதில் சொல்ல வந்தார். ஏரிக்கரைப் பெண் ஜன்னலை நெருங்கிவிட்டாள், சுதியின் விரல் எழுந்துவிட்டது, தொழில் தர்மம் தடுத்தது. சொல்ல முடியாத அத்தனையும் சேர்ந்து, உதடு திறக்காமல், அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

ம்ம்ம்ங்ங்ம்ம்ம்ம்.

ஸ்டீயரிங் அதிர்ந்தது. மூடிய கார் முழுக்க அது நிறைந்து, வீங்கி, வடிந்தது. அந்தப் பெண் ஜன்னலைத் திறந்தாள். வெளியே யாருமில்லை. அவள் நின்றாள், முனகல் அவளோடு நின்றது, எதையும் எதிர்பார்க்காமல், போகவும் மனசில்லாமல். அவள் ஜன்னலைச் சாத்திய நொடியில் சகலையின் கன்னம் ஆடியது. கடகடகட டொக்.

சுதி கண்ணாடியில் பார்த்தார். இயக்குநர் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"நாற்காலி சூடா இருக்கு சார்" என்றார் கடைசியில். "படம் உங்களுது. எல்லாக் காட்சிக்கும் இவர்தான். இதே மாதிரி, கொஞ்சமும் மாறக்கூடாது."

சகலை காதில் இது எதுவும் ஏறவில்லை. அவர் அதற்குள் கதவைத் திறந்து இறங்கி, மப்ளரைக் கழற்றி எறிந்து, சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து ஜாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"முன்னாடி மூணு ஜாண் ரெண்டு விரக்கடை! பின்னாடியும் மூணு ஜாண் ரெண்டு விரக்கடை! இறங்கி வாய்யா! வந்து கண்ணைத் திறந்து பாரு!"

சுதிக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது. படம் கைக்கு வந்துவிட்டது. இனிமேல் சலூனில் தலை நிமிர்ந்தே முடி வெட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டிக்கொண்டால் மனுஷன் மறுபடி தேனாகிவிடுவார். "கார் கோணலா நிக்கறதை விடுங்க, உங்க விரலே கோணல்" என்று மனசில்லாமல் ஒரு சொல் சொல்லிவிட்டு, கத்தல் பின்தொடர, மெல்லக் கொட்டகையை விட்டு வெளியே வந்தார். வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணி" என்றார் சுதி தாழ்ந்த குரலில். "இன்னும் ஏகப்பட்ட காட்சி இருக்கு. இவருக்கு வேற என்னென்ன சொன்னா கோபம் வரும்?"

அக்கா கையைப் புடவையில் துடைத்தாள். சமையலறைக்குள் போய் அடுப்பை அணைத்தாள். இரண்டு நாற்காலிகளை எடுத்து வந்து நிழலில் போட்டு, ஒன்றில் தான் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டாள்.

"உட்காருங்க தம்பி" என்றாள். "பொண்ணு பார்க்க வந்த அன்னியிலேருந்து சொல்றேன்."